ஓடும் ஷூ: முன்னால் இறுக்கம், பின்னால் தொளதொளப்பு – சைஸ் கூட்டுவதா, அகலம் கூட்டுவதா?

கேள்வி – காலை_ஐந்து_மணி

வணக்கம். சென்னையில் தார் ரோட்டில் ஓடுகிறேன். ஜனவரியில் அரை மாரத்தான், அதாவது 21.1 கி.மீ., ஓட வேண்டும் என்று பயிற்சி நடக்கிறது. இப்போது போடுவது யூகே 8. ஆறேழு கிலோமீட்டர் தாண்டினால் நடுவிரலும் அதற்கு அடுத்த விரலும் மரத்துப்போகின்றன. இடது பெருவிரல் நகம் கறுத்திருக்கிறது. அதே சமயம் குதிகால் ஒவ்வொரு அடிக்கும் லேசாக மேலே எழும்பி வழுக்குகிறது. முன்னால் பிடிக்கிறது, பின்னால் விடுகிறது என்பதால் என்ன செய்வதென்று புரியவில்லை.

கடையில் யூகே 9 போகச் சொல்கிறார்கள். கூடவே, என் பாதம் தட்டை என்பதால் "ஸ்டெபிலிட்டி" ஷூ, அதாவது பாதம் உள்பக்கம் அதிகம் சாயாமல் தாங்கும் ஷூதான் போட வேண்டும் என்றும் சொல்கிறார்கள். இரண்டும் சரியா? வீட்டிலேயே காலை ஒழுங்காக அளப்பது எப்படி? ஷூ புதிதாக இருக்கும்போது இறுக்கமாக இருந்தாலும் போகப்போக இளகிவிடும் என்கிறார்களே, அது உண்மையா?

பதில் 1 – அடிக்கோல்

முதலில் யூகே எண்ணை ஓரமாக வையுங்கள். ஷூவின் நாக்கின் உட்புறம் ஒரு சின்ன லேபிள் தைத்திருக்கும். அதில் செ.மீ. அல்லது ஜப்பான் அளவு என்று ஓர் எண் இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி ஒப்பிட உதவுவது அந்த எண் மட்டும்தான். உதாரணத்துக்கு ஆண்கள் ஷூவில் நைக்கியின் யூகே 8 என்பது 27 செ.மீ. அடிடாஸின் யூகே 8 என்பது 26.5 செ.மீ. நியூ பேலன்ஸில் 27 வேண்டுமென்றால் யூகே 8.5 எடுக்க வேண்டும். எண் ஒன்று, நீளத்தில் அரை சென்டிமீட்டர் வித்தியாசம். நகம் கறுக்க அது தாராளமாகப் போதும். யூகே அளவில் ஒரு முழு சைஸ் என்பது ஒரு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 8.5 மி.மீ. அரை சைஸ் சுமார் 4.2 மி.மீ. அதனால் 8-லிருந்து நேராக 9-க்குத் தாவுவது சின்ன மாற்றம் இல்லை. நடுவில் 8.5 இருக்கிறது.

இனி அளப்பது. சாயங்காலம் அளங்கள், முடிந்தால் ஓடி முடித்த பிறகு. பகல் முழுக்க நின்று நடந்ததில் பாதம் வீங்கியிருக்கும், ஓட்டத்தின் கடைசிப் பகுதியில் இருக்கப்போவதும் அந்தப் பாதம்தான். ஓடும்போது போடுகிற அதே சாக்ஸைப் போட்டுக்கொள்ளுங்கள். சுவரை ஒட்டித் தரையில் ஒரு வெள்ளைத்தாள். குதிகால் சுவரைத் தொட, இரண்டு காலிலும் சம எடை போட்டு நேராக நில்லுங்கள். உட்கார்ந்து அளந்தால் பாதம் சில மி.மீ. குட்டையாகத் தெரியும். கோடு போடுவது வேறொருவராக இருக்கட்டும், நீங்களே குனிந்தால் எடை முன்னால் சாய்ந்து அளவு மாறிவிடும். பென்சில் செங்குத்தாக நிற்க வேண்டும். உள்பக்கம் சாய்ந்தால் மூன்று நான்கு மி.மீ. அப்படியே காணாமல் போகும்.

மிக நீளமான விரலின் நுனியைக் குறியுங்கள். பலருக்கு அது இரண்டாவது விரல், பெருவிரல் இல்லை. இரண்டு காலையும் அளங்கள், பெரியது எதுவோ அதுதான் உங்கள் அளவு.

இத்தோடு நிறுத்திவிடாதீர்கள், முக்கியமான இன்னொரு அளவு இருக்கிறது. பெருவிரலின் அடியில், பாதத்தின் உள்பக்கமாக எலும்பு புடைத்துத் தெரியும் மூட்டு இருக்கிறதல்லவா? குதிகாலிலிருந்து அந்த மூட்டு வரை உள்ள தூரத்தையும் குறியுங்கள். பழைய ஷூ கடைகளில் வைத்திருக்கும் பிரானாக் அளவுக்கருவியில், பக்கவாட்டில் பாதத்தின் நீளவாக்கில் நகரும் ஒரு கை இருக்கும். அது அளப்பது இந்தத் தூரத்தைத்தான். ஷூ மடங்க வேண்டிய இடம் அந்த மூட்டு. மொத்த நீளம் ஒன்றாக இருக்கும் இருவரில் ஒருவருக்கு விரல்கள் நீளம், இன்னொருவருக்கு விரல்கள் குட்டையாகவும் குதிகாலிலிருந்து மூட்டு வரை நீளமாகவும் இருக்கும். இரண்டாமவர் மொத்த நீளத்தை மட்டும் நம்பி வாங்கினால், பாதத்தின் அகலமான பகுதி ஷூ குறுகத் தொடங்கும் இடத்தில் போய் உட்காரும். நுனியில் இடம் இருக்கும், ஆனாலும் பிடிக்கும். அப்படிப்பட்டவருக்கு அரை சைஸ் கூட்டினால் தீர்வு கிடைக்கும். சரிபார்ப்பது எளிது: ஷூவைப் போட்டுக்கொண்டு குதிகாலை மட்டும் தூக்குங்கள். மேல்துணியில் மடிப்பு விழும் கோடும் உங்கள் மூட்டும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

இப்போது போடும் ஷூவின் இன்சோலை, அதாவது உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் மெத்தையை, வெளியே எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். விரல்கள் அழுந்திய பள்ளம் தெரியும். பெருவிரல் பள்ளம் இன்சோலின் விளிம்பைத் தொட்டால் ஷூ குட்டை. விளிம்புக்கு முன்னாலேயே இருந்து, வட்டமாக இல்லாமல் முன்னும் பின்னுமாக இழுபட்டதுபோல் இருந்தால் நீளம் போதும், பாதம்தான் உள்ளே சறுக்குகிறது. சுண்டுவிரல் பள்ளம் பக்கவாட்டு விளிம்பில் ஏறியிருந்தால் அகலம் போதவில்லை. புதிய ஷூவுக்கும் இதையே செய்யுங்கள்: இன்சோலை உருவித் தரையில் போட்டு அதன்மேல் குதிகாலைச் சரியாகப் பொருத்தி நில்லுங்கள். நீளமான விரலுக்கு முன்னால் 10 முதல் 12 மி.மீ. மிச்சம் இருக்க வேண்டும்.

இளகிவிடும் என்பதை நம்பி வாங்காதீர்கள். தோல் செருப்புக்கு அது பொருந்தும். இன்றைய ஓடும் ஷூவின் மெஷ் துணி பெரிதாக விரியாது. ஃபோம் கொஞ்சம் அமுங்கி உள்ளே இடம் சற்றுக் கூடலாம், அவ்வளவுதான். நீளம் ஒரு மி.மீ.கூட வளராது.

பதில் 2 – லேஸ்_முடிச்சு

அடிக்கோல் சொன்னதோட அகலத்தையும் லேஸையும் சேர்த்துப் பாருங்க. முன்னால இறுக்கம், பின்னால லூஸ்னா பெரும்பாலும் அகலப் பிரச்சினைதான். முன்பாதம் அகலமா, குதிகால் ஒடுக்கமா இருக்கறவங்க நீளத்தைக் கூட்டிக் கூட்டி அகலத்தைத் தேடுவாங்க. முன்னால கொஞ்சம் சரியாகும், பின்னால குதிகால் கழண்டுடும். குதிகால் பிடி இல்லன்னா ஒவ்வொரு அடிக்கும் பாதம் முன்னாடி சறுக்கும், இறக்கத்துல நகம் போய் ஷூவோட நுனியில இடிக்கும். அதனால நகம் கறுக்கறதுக்குக் காரணம் ரெண்டு: ஷூ குட்டையா இருக்கறது ஒண்ணு, பெருசா இருந்து கால் சறுக்கறது இன்னொண்ணு. ரெண்டாவது கேஸ்ல இன்னும் பெரிய ஷூ வாங்கினா நகம் இன்னும் மோசமாகும்.

நடுவிரலும் நாலாவது விரலும் மரத்துப்போறதுன்னா, அந்த ரெண்டு விரல் எலும்புக்கு நடுவுல போற நரம்பு பக்கவாட்டுல அழுந்துதான்னு முதல்ல பார்க்கணும். காசு செலவில்லாத சோதனை ஒண்ணு இருக்கு. விரல் பக்கம் இருக்கற முதல் ரெண்டு வரிசை லேஸை நல்லா தளர்த்திட்டு, மேல மட்டும் வழக்கம்போல கட்டி ஓடுங்க. மரப்பு தள்ளிப்போச்சு இல்ல குறைஞ்சுதுன்னா லேஸ், அகலம் ரெண்டுல ஒண்ணு. குறையவே இல்ல, ஷூவைக் கழட்டின பிறகும் எரிச்சல் இருக்கு, வெறுங்கால்ல நின்னாலும் கூழாங்கல்லை மிதிச்ச மாதிரி இருக்குன்னா டாக்டரைப் பாருங்க. அது ஷூ மாத்தி மட்டும் தீர்ற விஷயம் இல்ல.

அகலம் எழுத்துல இருக்கும். ஆண்களுக்கு சாதாரண அகலம் டி, அகலமானது 2ஈ, ரொம்ப அகலமானது 4ஈ. பெண்களுக்கு சாதாரணம் பி, அகலம் டி. பெட்டியில சைஸ் பக்கத்துலயே போட்டிருப்பாங்க, ஒண்ணும் போடலன்னா சாதாரண அகலம்னு எடுத்துக்கலாம். நம்ம ஊர் கடைகள்ல 2ஈ எல்லா மாடல்லயும் அடுக்கி வச்சிருக்க மாட்டாங்க, கேட்டு வரவழைக்கணும். ஆசிக்ஸ், நியூ பேலன்ஸ் ரெண்டுலயும் அகல மாடல்கள் உண்டு, அங்க தொடங்குங்க.

போட்டுப் பார்க்கும்போது கண்ணால பார்க்க வேண்டியது: லேஸ் கட்டின பிறகு ரெண்டு பக்கத் துளை வரிசைக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி? ரெண்டு வரிசையும் கிட்டத்தட்ட ஒட்டிக்கிச்சுன்னா ஷூவோட கொள்ளளவு உங்க பாதத்துக்கு அதிகம். விரிஞ்சு நாக்கு முழுசா தெரிஞ்சா போதல. சுண்டுவிரல் பக்கம் துணி மிட்சோல் (அடி ரப்பருக்கு மேல இருக்கற ஃபோம் அடுக்கு) விளிம்பைத் தாண்டி வெளிய பிதுங்குதுன்னா ஒடுக்கம். அதே இடத்துல துணியைக் கிள்ளினா கைக்குள்ள மடிப்பு மடிப்பா வருதுன்னா ரொம்ப அகலம்.

குதிகால் வழுக்கறதுக்கு, புது ஷூ வாங்கறதுக்கு முன்னாடி பூட்டு லேஸ் போட்டுப் பாருங்க. ஷூவோட மேல் விளிம்புல, கணுக்கால் கிட்ட, கடைசியா ஒரு துளை சும்மா இருக்கும், அது இதுக்குத்தான்.

லேஸை வழக்கம்போல குறுக்க குறுக்க கோத்துட்டு அந்தக் கடைசித் துளைக்கு முந்தின துளையில நிறுத்துங்க. இப்ப குறுக்க போகாம, வலது நுனியை வலது பக்கக் கடைசித் துளையில வெளியிலேர்ந்து உள்ள விடுங்க. முழுசா இழுக்காதீங்க, ஒரு விரல் நுழையற அளவுக்குச் சின்ன வளையம் வெளிய நிக்கட்டும். இடது பக்கமும் அப்படியே. இப்ப வலது நுனியை இடது வளையத்துலயும், இடது நுனியை வலது வளையத்துலயும் நுழைங்க. நுழைச்சதும் இழுக்காதீங்க, முதல்ல குதிகாலை உட்கார வைக்கணும்: விரல் மேல தூக்கி, குதிகாலைத் தரையில ரெண்டு தடவை தட்டுங்க. பாதம் பின்னால போய் உட்காரும். அதுக்கப்புறம் ரெண்டு நுனியையும் மேல் நோக்கி இல்லாம பக்கவாட்டுல கீழ்நோக்கி இழுங்க. வளையம் ரெண்டும் சுருங்கி, காலர் கணுக்காலைச் சுத்திப் பிடிக்கும். அப்புறம் சாதாரண முடிச்சு.

இதுல நடக்கற தப்பு, மேல பூட்டறோம்னு முழு லேஸையும் இறுக்கறது. உங்களுக்கு முன்னால தளர்வா, நடுவுல மிதமா, மேல பிடிப்பா இருக்கணும். கணுக்காலுக்கு முன்னாடி தசைநாண் வலிச்சா பூட்டு அதிகம், கொஞ்சம் விடுங்க. பாதத்தோட மேல்பக்கம் ஒரே இடத்துல அழுத்தினா, அந்த இடத்துக்கு மட்டும் குறுக்குக் கோப்பு வேண்டாம். அதே பக்கத்துல நேரா மேல் துளைக்குப் போயிட்டு, அப்புறம் மறுபடி குறுக்க போங்க. அழுத்தற இடம் ஜன்னல் மாதிரி காலியா இருக்கும்.

முடிச்சு ஓட்டத்துக்கு நடுவுல அவுந்துடுதா? பூ முடிச்சு ஷூவோட நீளவாக்குல, விரலையும் கணுக்காலையும் பார்த்து நின்னா அது தப்பா விழுந்த முடிச்சு. முதல் சுத்தை எதிர்ப்பக்கமாப் போட்டாப் போதும், குறுக்குவாட்டுல படுக்கும், அவிழாது.

பதில் 3 – கிழக்குக்_கரை

தட்டைப் பாதத்துக்குக் கட்டாயம் ஸ்டெபிலிட்டி ஷூதான் நண்பரே. ஈரக்காலைத் தரையில் வைத்துத் தடத்தைப் பாருங்கள். நடுவில் வளைவு தெரியாமல் முழுப் பாதமும் பதிந்தால் கணுக்கால் உள்பக்கம் சாய்கிறது என்று அர்த்தம். பெரிய கடைகளில் ட்ரெட்மில்லில் ஓடவிட்டு வீடியோ எடுத்துச் சொல்வார்கள், அதன்படி வாங்குங்கள்.

பதில் 4 – மிட்சோல்

கிழக்குக் கரை சொல்வதுதான் பல வருடங்களாகக் கடைகளில் நடந்துவரும் முறை. ஆனால் சோதித்துப் பார்த்தபோது அது எடுபடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, மரீன் படை மூன்றிலும் அடிப்படைப் பயிற்சிக்கு வந்தவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பாதத் தடத்தின் வடிவத்தைப் பார்த்து அதற்கு ஏற்ற ஷூ கொடுத்தார்கள், இன்னொரு பிரிவில் பாத வடிவம் எதுவானாலும் எல்லோருக்கும் ஸ்டெபிலிட்டி ஷூ. காயம் படுவதில் இரண்டு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. நிற்கும்போது பதியும் ஈரத்தடம், ஓடும்போது அந்தப் பாதம் எப்படி இயங்குகிறது என்பதைச் சொல்வதில்லை. பாதம் தரையில் பட்டதும் ஓரளவு உள்பக்கம் சாய்வது இயல்பான அதிர்வுத் தாங்கல்தான், அதையே குறையாக நினைக்க வேண்டாம்.

கால்கரி பல்கலைக்கழகத்தின் பென்னோ நிக் 2015-இல் முன்வைத்த கருத்து வேறு: போட்டு ஓடும்போது எது வசதியாக இருக்கிறதோ அதையே முதல் வடிகட்டியாக வைத்துக்கொள்ளுங்கள் என்பது. நானும் அந்தப் பக்கம்தான். ஸ்டெபிலிட்டி ஷூ தப்பு என்று சொல்லவில்லை. இரண்டு வகையையும் போட்டு ஓடிப் பாருங்கள். ஸ்டெபிலிட்டியில் பாதத்தின் உள்வளைவுக்குக் கீழே எதுவோ முட்டுக்கொடுப்பதுபோல் உறுத்தினால் அது உங்களுக்கு இல்லை. உறுத்தாமல் கால் உறுதியாக நிற்பதுபோல் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கால், கணைக்கால் எலும்பு என்று ஏற்கெனவே வலி இருந்து பிசியோதெரபிஸ்ட் குறிப்பிட்ட வகை சொல்லியிருந்தால் அவர் சொல்லே முன்னுரிமை.

பழைய ஷூவின் அடியில் குதிகாலின் வெளிப்புற ஓரம் தேய்ந்திருப்பதைக் காட்டி "நீங்கள் வெளிப்பக்கம் சாய்கிறீர்கள்" என்றும் சொல்வார்கள். பெரும்பாலானோருக்குக் குதிகாலின் வெளிப்புற ஓரம்தான் முதலில் தரையைத் தொடும். அந்தத் தேய்மானத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இரண்டு ஷூவும் ஒரே மாதிரி தேயாமல் ஒன்று மட்டும் அதிகம் தேய்ந்தால், அதைக் கவனிக்கலாம்.

கடையில் கேட்க வேண்டிய எண் இன்னொன்று: ட்ராப். குதிகாலின் கீழ் இருக்கும் உயரத்துக்கும் முன்பாதத்தின் கீழ் இருக்கும் உயரத்துக்கும் உள்ள வித்தியாசம் அது. 8 முதல் 12 மி.மீ. வழக்கமானது, 4-க்குக் கீழ் குறைந்த ட்ராப். குறையக் குறைய கெண்டைக்காலுக்கும் குதிகால் தசைநாணுக்கும் வேலை கூடும், கூடக் கூட முழங்காலின் பங்கு அதிகமாகும். இப்போது போடுவது 10 என்றால் அதே அளவுக்குப் பக்கத்தில் எடுங்கள். பந்தயத்துக்கு இரண்டு மூன்று மாதம் இருக்கையில் பத்திலிருந்து பூஜ்யத்துக்கு இறங்குவது கெண்டைக்கால் பிடிப்பை விலைக்கு வாங்குவது. கார்பன் தகடு வைத்த பந்தய ஷூவும் முதல் ஷூவாக வேண்டாம். விலையும் அதிகம், உயரமான மென்மையான ஃபோமில் கால் ஆடும், உழைப்பும் குறைவு.

காலை_ஐந்து_மணி

எல்லோருக்கும் நன்றி. அளந்து பார்த்தேன்: வலது 26.2 செ.மீ., இடது 26.7. இப்போதைய ஷூ லேபிளில் 26.5 என்று இருக்கிறது. இன்சோலில் இடது பெருவிரல் பள்ளம் விளிம்பைத் தொடுகிறது, சுண்டுவிரல் பள்ளம் விளிம்பின்மேல் ஏறியிருக்கிறது. அரை சென்டிமீட்டர் வித்தியாசமுள்ள இரண்டு காலுக்கு எப்படி வாங்குவது? அப்பாவுக்கும் நடைப்பயிற்சிக்கு ஒரு ஜோடி வாங்க வேண்டும். அவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, பாதத்தில் உணர்ச்சி குறைவு. மழைக்காலத்தில் ஷூ காயவே மாட்டேன் என்கிறதே, அதற்கும் வழி சொல்லுங்கள்.

பதில் 5 – அடிக்கோல்

இடது கால் ஷூவின் பெயரளவு நீளத்தையே தாண்டுகிறது, நகம் கறுத்த காரணம் தெரிந்துவிட்டது. சுண்டுவிரல் பள்ளம் அகலக் குறைவையும் சேர்த்துச் சொல்கிறது. லேபிளில் 27.5 போட்டதிலிருந்து தொடங்குங்கள், 27-உம் 28-உம் பக்கத்தில் இருக்கட்டும். 27.5 சாதாரண அகலம், 27.5 2ஈ இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரு காலில் ஒன்றாகப் போட்டு ஒப்பிடாதீர்கள். உங்கள் இரண்டு காலும் ஒன்றில்லை. இரண்டையும் இடது காலில் மாற்றி மாற்றிப் போடுங்கள்.

வாங்குவது இடது காலுக்கு. வலது காலுக்குப் பூட்டு லேஸ், அதுவும் போதாவிட்டால் அந்தக் காலுக்கு மட்டும் சற்றுத் தடித்த சாக்ஸ். விரலுக்கு முன்னால் பஞ்சு அடைக்கும் பழக்கம் வேண்டாம். சறுக்கலை அது நிறுத்தாது, நகத்தை இடிக்கும் பொருள்தான் ஒன்று கூடும். சாக்ஸ் பருத்தியில் வேண்டாம், நம்மூர் வியர்வையில் அது நனைந்து ஈரம் பிடித்துக்கொள்ளும், ஈரத்தோலில் உராய்வு கூடிக் கொப்புளம் வரும். பாலியஸ்டர், நைலான் கலந்த ஓட்ட சாக்ஸ் எடுங்கள்.

கடையில் நடந்து பார்த்தால் போதாது. ஓடுங்கள். சாய்தளம் இருந்தால் இறங்கி ஓடி சட்டென்று நில்லுங்கள், விரல் நுனியைத் தொட்டால் அந்த ஜோடி வேண்டாம். ஆன்லைனில் வாங்கினால் வீட்டு மொசைக் தரையைத் துடைத்துவிட்டு உள்ளேயே சோதியுங்கள். அடியில் மண் பட்டால் பெரும்பாலும் திரும்ப எடுக்க மாட்டார்கள். வாங்கிய பின் முதல் சில ஓட்டம் குறைந்த தூரமாக இருக்கட்டும், பந்தய நாளில் புது ஷூ வேண்டாம். 500 முதல் 800 கி.மீ. வரை பொதுவாக உழைக்கும். அடி ரப்பர் நன்றாக இருந்தாலும் மிட்சோலின் பக்கச்சுவரில் படுக்கைச் சுருக்கங்கள் ஆழமாகி, கட்டைவிரலால் அழுத்தினால் பழைய துள்ளல் இல்லையென்றால் மாற்றும் நேரம்.

பதில் 6 – லேஸ்_முடிச்சு

மழைக்கு: வந்ததும் இன்சோலை வெளிய எடுங்க, லேஸைத் தளர்த்தி நாக்கை முன்னாடி மடிச்சுப் போடுங்க. பழைய செய்தித்தாளைக் கசக்கி நுனி வரைக்கும் திணிங்க. ஒரு மணி நேரத்துல அது ஊறிடும், எடுத்துட்டுப் புதுசு திணிங்க. அந்த முதல் மாத்தலைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க, ராத்திரி முழுக்க ஈரத்தாள் உள்ள கிடந்தா நாத்தம்தான் மிச்சம். அப்புறம் ஃபேன் காத்துல சாய்ச்சு வைங்க. கடும் வெயில், ஹேர் ட்ரையர், வெயில்ல நிக்கற கார் டிக்கி எதுவும் வேண்டாம், சூட்டுல பசை விடும், ஃபோம் சுருங்கும். முடிஞ்சா ரெண்டு ஜோடி வச்சு மாத்தி மாத்திப் போடுங்க, நம்ம ஈரப்பதத்துல ஒரே நாள்ல முழுசா காயாது.

பதில் 7 – மிட்சோல்

அப்பாவுக்கு மேலே சொன்ன "வசதியாக இருப்பதை வாங்குங்கள்" என்ற விதி பொருந்தாது, அதை அழுத்திச் சொல்கிறேன். உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு இறுக்கம் தெரியாது. தெரியாததால் பிடிப்பான ஷூதான் சரியாகப் பொருந்துவதாகத் தோன்றி, சின்னதை வாங்கிவிடுவார்கள். புண் வந்த பிறகே கண்ணில் படும். எனவே அவர் வாயால் சொல்வதைவிட அளவை நம்புங்கள்: தாளில் கோடு, இன்சோல் மேல் நிற்கும் சோதனை, இரண்டையும் நீங்கள் செய்யுங்கள். முன்பக்கம் உயரமும் அகலமும் உள்ளதாக, உள்ளே விரல் படும் இடத்தில் தையல் புடைக்காததாக எடுங்கள். வாங்கும் முன் சர்க்கரை மருத்துவரிடமோ பாதச் சிகிச்சைப் பிரிவிலோ பாதத்தைக் காட்டுங்கள். ஏற்கெனவே புண்ணோ எலும்பு வடிவ மாற்றமோ இருந்தால் கடை ஷூ போதாது, அவருக்கென்று செய்ய வேண்டியிருக்கும்.

முதல் நாள் அரை மணி நேரம் மட்டும் போடட்டும். கழற்றியதும் சாக்ஸை நீக்கி, விரல் இடுக்கு, சுண்டுவிரல் பக்கம், குதிகால், அடிப்பாதம் எல்லாம் பாருங்கள். சிவந்த இடம் இருபது நிமிடத்தில் மறையாவிட்டால் அந்த ஷூ அவருக்கு வேண்டாம். வெளிர் நிற சாக்ஸ் வாங்குங்கள், ரத்தமோ கசிவோ உடனே தெரியும். தினமும் ஷூவுக்குள் கால் விடும் முன் கையை விட்டுத் துழாவிப் பார்க்கச் சொல்லுங்கள், ஒரு சின்னக் கல் உள்ளே இருந்தாலும் அவருக்குத் தெரியாது.

உங்கள் நகத்தைப் பிடுங்காதீர்கள். நேராக வெட்டி விடுங்கள், புது நகம் தானே தள்ளிக்கொண்டு வரும், அதற்குப் பல மாதம் ஆகும். துடிப்புடன் வலித்தாலோ ஓரத்தில் சீழ் வைத்தாலோ மருத்துவரிடம் போங்கள்.